ஓணான் பார்த்துச் சொன்னது

கருவேலங்காட்டுக் குளத்தருகே கருவாலன் என்ற நரி ஓர் ஆட்டம் நடத்தி வந்தது. பாறைச் சரிவில் ஒரு குழி. விளாங்காயை உருட்டி அதில் விழ வைக்க வேண்டும். விழுந்தால் நரி ஒரு ராஜா கதையில் கொஞ்சம் சொல்லும்.

விலங்குகள் வந்தன, விளையாடின, சிறிது நேரத்தில் எழுந்து போயின. நரிக்கு அது பொறுக்கவில்லை.

பாறைமேல் முள்ளன் என்ற ஓணான் நாள் முழுவதும் அசையாமல் கிடக்கும். அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நரி அதனிடம் வந்தது.

"முள்ளா, இந்தக் காட்டிலேயே கூர்மையான பார்வை உனக்குத்தான். யார் எப்போது எழுந்து போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்வாயா?"

அதுவரை ஓணானை யாரும் புகழ்ந்ததில்லை. அதற்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பார்க்கிறேன் அண்ணே," என்றது.

பத்தே நாளில் எல்லாவற்றையும் சொன்னது. முயல் மூன்று முறை தோற்றால் போய்விடுகிறது. முள்ளம்பன்றி ஜெயித்த உடனே போய்விடுகிறது. புள்ளிமான் மருதி ராஜா கதை வந்ததும் எழுந்துவிடுகிறாள்.

"மருதிக்கு எந்தக் கதை பிடிக்கும்?"

ஓணான் யோசித்தது. "போன கோடையில் அவள் குட்டி காணாமல் போனது. எந்தக் குட்டியின் குரல் கேட்டாலும் நின்றுவிடுவாள்."

மறுநாளே ஆட்டம் மாறியது. முயல் மூன்றாம் முறை உருட்டும்போது நரி காலால் கல்லை நகர்த்திக் குழியை அகலமாக்கியது. முள்ளம்பன்றி ஜெயித்தால், "இன்னும் ஒரு குழி இருக்கிறது," என்றது. ராஜா காணாமல் போனார். அம்மாவைத் தேடி மலை மலையாக அலையும் மான்குட்டி ஒன்று கதைக்குள் வந்தது. புதருக்குப் பின்னால் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்கும் இடத்தில் நரி கதையை நிறுத்தியது.

"அப்புறம்?" என்றாள் மருதி.

"உருட்டு, சொல்கிறேன்."

அன்று யாரும் எழுந்து போகவில்லை. தான் சொன்னது பலித்துவிட்டது என்று ஓணான் பெருமையோடு தலையை ஆட்டியது.

கோடை வந்தது. ஆண்டுதோறும் குளம் சுருங்கும்போது எல்லா விலங்குகளும் கிழக்கு மலைக்கு அப்பால் உள்ள ஆற்றுக்குப் போய்விடும். இரண்டு நாள் நடை. அந்த ஆண்டும் யானைகள் கிளம்பின. மான் கூட்டமும் கிளம்பியது.

"வா மருதி," என்றது தலைவன் மான்.

"நீங்கள் முன்னால் போங்கள். குட்டி ஆறாவது மலையில் இருக்கிறது. முடிந்ததும் வருகிறேன்."

குளம் சேறானது. பிறகு சேறும் வெடித்தது. ஓணானுக்கு இலையில் படியும் பனித்துளியே போதும். ஆட்டத்தை விட்டு நகராத மற்றவர்களுக்குப் போதவில்லை. ஒரு நாள் மதியம் முயல் உருட்டிக்கொண்டே சாய்ந்தது. பிறகு எழவில்லை. நரி அதைக் கவ்விப் பாறைக்குப் பின்னால் இழுத்துப் போனது. அடுத்த வாரம் முள்ளம்பன்றி.

நரி எதற்காக இத்தனை பாடுபட்டது என்று ஓணானுக்கு அப்போதுதான் விளங்கியது.

"கதையை முடித்துவிடுங்கள் அண்ணே. மருதியாவது போகட்டும்."

நரி உதட்டை நக்கிக்கொண்டது. "முடித்தால் போய்விடுவாளே. குட்டியின் குரல் கேட்டால் நின்றுவிடுவாள் என்று நீதானே சொன்னாய்?"

ஓணான் மருதியிடம் ஓடியது. "அக்கா, அந்தக் கதைக்கு முடிவே கிடையாது. உங்கள் குட்டியைப் பற்றி நான் சொன்னதை வைத்துத்தான் நரி அதைக் கட்டியது. கிளம்புங்கள்."

மருதி அதைப் பார்க்கக்கூட இல்லை. "உனக்கு என்ன தெரியும்? நேற்றுதான் அது அம்மா என்று கூப்பிட்டது."

மூன்று நாள் கழித்து மருதி பாறையடியில் படுத்துவிட்டாள். விளாங்காயை உருட்ட மூக்கில் வலு இல்லை. நரி சற்றுத் தள்ளி நிழலில் படுத்திருந்தது. ஓணான் இறங்கி அவள் காதருகே போனது.

"முள்ளா, அந்தக் குட்டி அம்மாவைப் பார்த்ததா?"

"பார்த்தது அக்கா. அம்மா ஆற்றங்கரையில் நின்றிருந்தாள். ஓடிப்போய் அவள் மடியில் முட்டியது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். கதை முடிந்தது."

மருதி நீண்ட மூச்சு விட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பார்வை பாறையை விட்டு விலகியது. மெல்ல எழுந்து கிழக்கு நோக்கி நடந்தாள். ஐந்தடி, பத்தடி. பிறகு முன்னங்கால்கள் மடிந்தன.

நரி நிழலிலிருந்து எழுந்தது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.

அவளை அனுப்ப அந்த மூன்று வார்த்தைகள் போதும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய ஓணான், பாறைமேல் கண்ணை மூடிக்கொண்டது.

பிறருடைய மனக்காயத்தைக் கண்டறிந்து வஞ்சகனிடம் சொல்பவன், தன் கையால் எதுவும் செய்யாவிட்டாலும், அந்த வஞ்சகத்தில் சமபங்கு உடையவனே.