மூன்று சிறுநீரகக்காரி

"மேடம், உங்க முதல் கட்டுரையை நாளைக்கு வாசிக்கவா, விட்டுடவா?"

கோமதிநாயகம் அறை வாசலிலேயே நின்று கேட்டார். தலை பாதி நரைத்த சிறுநீரக மாற்று மருத்துவர்.

துறைத் தலைவர் மெஹருன்னிசா நிமிரவில்லை. "ஏன் நாயகம், கண்ணாடி உடைஞ்சிருச்சா?"

மறுநாள் மெஹருன்னிசாவுக்குப் பணி நிறைவு விழா. சிறுநீரக மாற்று சிகிச்சையில் அவர் எழுதி வெளியான ஆய்வுகளை மேடையில் வாசிக்கிற பொறுப்பு நாயகத்துக்கு. அவரிடம் படித்து, அவரிடமே கத்தி பிடிக்கக் கற்றவர்.

முதல் கட்டுரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுச் சிறுநீரகம் வைத்தவர் ஒரு வாரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்றது அது. வார்டில் அதற்குப் பெயரே 'மேடம் படுக்கை'.

"அது தப்பு மேடம்."

இப்போது நிமிர்ந்தார்.

"மறுநாளே எழுந்து நடக்கலாம். நான் வேற ஊர்ல வேலை பார்த்தப்ப கண்டது. எழுதியும் வச்சிருக்கேன்."

மெஹருன்னிசா கையை நீட்டினார். நாயகம் பையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தன.

நின்றபடியே படித்தார் மெஹருன்னிசா. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"நடந்தவங்கள்ல யாருக்காவது தையல் விட்டுச்சா?"

"இல்லை. படுத்திருந்தவங்களுக்குத்தான் கால்ல ரத்தம் கட்டுச்சு."

"எழுதி எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருஷம்."

"ஏன் வெளியிடலை?"

"உங்க பேரு மேடம்..."

"இந்த மூணு வருஷமா படுத்துக் கிடந்தவங்களுக்குப் பேரு இல்லையா?"



"வாங்க" என்று மெஹருன்னிசா வார்டுக்கு நடந்தார்.

அங்கே வடிவு மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள்தான் தம்பியின் சிறுநீரகத்தை அவளுக்கு வைத்திருந்தார்கள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? என்னோட பழசு ரெண்டையும் என்ன பண்ணீங்க? குப்பையில போட்டிருப்பாங்கன்னு தம்பி சொல்றான்."

"எடுக்கவே இல்லையே. உள்ளேதான் இருக்கு. புதுசைக் கீழே, இடுப்புப் பக்கமா வச்சிருக்கோம்."

"அப்ப எனக்கு மூணா?"

"மூணு."

வடிவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க தெருவுல ஒருத்திக்கும் மூணு கிடையாது."

பிறகு யோசித்தாள். "வேலை செய்யாததை எதுக்கு உள்ள விட்டீங்க?"

"சார் சொல்லுவார்."

நாயகம் எல்லா நோயாளிக்கும் சொல்கிறதையே சொன்னார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. ஒரு தொந்தரவும் இல்லை. புதுசு வர்ற வரைக்கும் உங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதானே."

சொல்லிவிட்டு, அறை வாசலில் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வர, அப்படியே நின்றார்.

மெஹருன்னிசா போர்வையை விலக்கினார். "எழுந்திருங்க வடிவு. நடக்கலாம்."

நர்ஸ் பதறினார். "மேடம், உங்க ஒரு வாரம் இன்னும் முடியலையே."

"வேண்டாம்னு நாயகம் சார் கண்டுபிடிச்சிருக்கார்."

வார்டு முழுக்கக் கேட்கிற குரல். அந்தக் குரலில் தன் பெயரை நாயகம் அதுவரை கேட்டதில்லை.

ஒரு பக்கம் மெஹருன்னிசா பிடித்துக்கொண்டார், மறுபக்கம் நாயகம். குழாயோடு சிறுநீர் சேரும் பையைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் பின்னால் வந்தார். வடிவு வயிற்றில் கை வைத்தபடி கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"அவளுக்கென்ன, மூணு இருக்கு. நடப்பா" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

மறுநாள் அரங்கில் உட்கார இடமில்லை.

நாயகம் முதல் கட்டுரையின் தலைப்பை வாசித்தார். கைதட்டல் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

"இதைப் படிச்சுட்டுத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். இதுல சொன்னது தப்புன்னு இப்ப எனக்குத் தெரியும். ஆதாரம் கையில இருக்கு. ஆனா இதை எடுக்க வேண்டாம். புதுக் கட்டுரை இதுக்குக் கீழேயே வெளியாகும்."



முதல் வரிசையில் மெஹருன்னிசா, அருகிலிருந்த சிறப்பு விருந்தினர் பக்கம் சாய்ந்தார்.

"என்கிட்ட படிச்சவர்" என்றார்.