செருப்பை எங்கே விட்டீர்கள்?

குரு என்றால் தாடியும் ஆலமரமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பது. பெயர் தஸ்லிமா. கும்பகோணத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் ஆங்கிலம் பேசச் சொல்லித்தந்தார். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் தேர்வு ஒன்று உண்டே, அதற்கான வகுப்பு.

சிஷ்யைக்கு நாற்பத்திரண்டு. பெயர் செங்கமலம். தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. நர்ஸ். சிஷ்யை குருவை "மிஸ்" என்பார். குரு சிஷ்யையை "அக்கா" என்பார். இதில் யார் பெரியவர் என்று அந்த மாடியில் யாரும் யோசித்ததில்லை.

அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி செங்கமலத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டார். பேச்சில்தான் இடித்தது. ஒன்பதுக்கு ஏழு மார்க் வேண்டும். இரண்டு முறை போயும் ஆறரையில் நின்றுவிட்டது. இந்த முறையும் போனால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

தம்பியைப் படிக்கவைத்தார், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தார். தனக்கென்று ஒன்றை இப்போதுதான் ஆசைப்பட்டார். அந்த ஆசையை வெளியே சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று நைட் டியூட்டி முடிந்து நேராக வகுப்புக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"மிஸ், போன தடவ மியூசியம் பத்தி கேட்டுட்டாங்க. மறுபடியும் அதுவே வந்தா என்ன சொல்றது? ஏழு வர்ற மாதிரி ஒரு பதில் சொல்லிக் குடுங்க."

"போன தடவ என்ன சொன்னீங்களோ, அத மொதல்ல சொல்லுங்கக்கா."

செங்கமலம் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். லண்டன் மியூசியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் மடமடவென்று ஒப்பித்தார். பெரிய கண்ணாடிக் கூரை. எகிப்து நாட்டு மம்மி. அதைப் பார்த்ததும் காலம் பின்னோக்கிப் போனது போன்ற உணர்வு. எங்கும் தடுக்கவில்லை, எங்கும் மூச்சு வாங்கவில்லை.

வகுப்பில் பாதிப் பேரின் உதடுகள் கூடவே அசைந்தன. அந்தப் பதில் அவர்களுக்கும் மனப்பாடம். தேர்வில் கேள்வி கேட்கிற வெள்ளைக்காரர்கள் அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே எத்தனை முறை அழைத்துப் போகப்பட்டிருப்பார்களோ, பாவம்.

முடிந்ததும் தஸ்லிமா ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ளே போகும்போது செருப்பை எங்கே விட்டீர்கள்?"

"வாசலில்" என்றார் செங்கமலம், யோசிக்காமல்.

"டோக்கன் கொடுத்தார்களா?"

"இல்லை மிஸ். சும்மா ஓரமாக விட்டேன்."

மாடியே சிரித்தது. செங்கமலத்துக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுண்டிவிட்டது.

"போன தடவ வேற என்ன கேட்டாங்க?" என்றார் தஸ்லிமா, இப்போது தமிழில்.

"மத்தியானம் அங்க என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"புளியோதரை கட்டிட்டுப் போயிருந்தோம்னு சொன்னேன் மிஸ்."

இந்த முறை தஸ்லிமாவும் சிரித்துவிட்டார். ஆனால் அது மட்டம் தட்டும் சிரிப்பு அல்ல.

"உங்களுக்குப் பொய் ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டேங்குதுக்கா. ரெண்டாவது கேள்வியில உண்மை எட்டிப் பாத்துடுது."

செங்கமலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பின்ன என்ன பண்றது? நான் பாத்ததெல்லாம் நம்ம பக்கத்து ஊர் மியூசியம்தான். நாலு ரூம், ஒரு வராந்தா. அத அங்க கேள்வி கேக்குற வெள்ளக்கார அம்மாகிட்ட சொன்னா ஏழு குடுப்பாங்களா? அரை மார்க்குல கடல் தாண்ட முடியாம நிக்கிறேன் மிஸ். என்னதான் சொல்லணும், அதச் சொல்லுங்க."

தஸ்லிமா கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பை முடித்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"வாங்கக்கா."

"எங்க மிஸ்?"

"நாலு ரூம், ஒரு வராந்தா."

பஸ்ஸில் போகும்போது செங்கமலம் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கினார். தஸ்லிமா எழுப்பவில்லை. இறங்கும் இடம் வந்த பிறகுதான் தோளைத் தொட்டார்.

மியூசியத்தில் அதிகக் கூட்டம் இல்லை. முதல் அறையில் பழைய காசுகள், இரண்டாவதில் பானைகள். செங்கமலம் கொட்டாவி விட்டபடி நடந்தார். மூன்றாவது அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கல அம்மன் நின்றிருந்தாள். யாரோ வீடு கட்ட மண்ணைத் தோண்டியபோது கிடைத்த சிலை. இடது கை முழங்கையோடு போயிருந்தது. கோயிலில் இருந்தால் புடவை உண்டு, பூ உண்டு, வேளைக்குப் பூசை உண்டு. இங்கே ஒரு டியூப்லைட் மட்டும்.

அந்த அறையின் வாசலை ஒட்டி, சுவரில் ஒரு போர்டு தொங்கியது. "இங்கே காலணிகளைக் கழற்ற வேண்டியதில்லை." அதற்கு நேர் கீழே ஒரு வரிசைச் செருப்பு. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கறுப்பு ஷூ, அதற்குள் சுருட்டி வைத்த சாக்ஸ்.

காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் தஸ்லிமாவைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேம்மா. இது கோயில் இல்ல, போட்டுக்கிட்டே பாருங்கன்னு. கேக்க மாட்டேங்குறாங்க. போர்டு வச்சாங்க. போர்டுக்குக் கீழ விடுறாங்க."

"படிக்காத ஜனங்க" என்றார் செங்கமலம். "இத எப்படி மிஸ் அந்த வெள்ளக்கார அம்மாகிட்ட சொல்றது? மானம் போயிடும்."

தஸ்லிமா குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

செங்கமலமும் பார்த்தார். வெறுங்கால். அவருடைய நீல ரப்பர் செருப்பு, வரிசையின் கடைசியில் ஒழுங்காகக் கிடந்தது. எப்போது கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏன் கழற்றினீர்கள்?" என்று தஸ்லிமா ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியல மிஸ்."

"ஆங்கிலத்தில்."

செங்கமலம் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். மனப்பாடம் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. ஒரு வார்த்தை, ஒரு இடைவெளி, இன்னொரு வார்த்தை. வினைச்சொல்லை ஒரு இடத்தில் தப்பாகப் போட்டு, தானே பிடித்துத் திருத்திக்கொண்டார்.

எங்கள் வார்டு வாசலிலும் இப்படித்தான் செருப்பு கிடக்கும் என்றார் அவர். கிருமி வரக் கூடாது என்பதற்காகக் கழற்றச் சொல்கிறோம். ஆனால் வருகிறவர்கள் கிருமிக்காகக் கழற்றுவதில்லை. உள்ளே தங்கள் ஆள் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறார் என்று கழற்றுகிறார்கள். நான் பல வருஷமாக அந்த வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். இந்த அம்மனுக்கும், வார்டில் அடிபட்டுக் கிடக்கிறவர்கள் மாதிரி, ஒரு கை இல்லை. பார்த்ததும் கால் தானாகச் செருப்பை வெளியே விட்டுவிட்டது. இங்கே யாரும் செத்துப்போனதைப் பார்க்க வருவதில்லை மிஸ். உள்ளே ஆள் இருக்கிறது என்று வருகிறார்கள்.

ஒவ்வொரு வரியிலும் தப்பு பிடிக்கிற தஸ்லிமா அன்று ஒரு தப்பைக்கூடப் பிடிக்கவில்லை.

செங்கமலம் கண்ணை மூடிக் கும்பிட்டார். ரொம்ப நேரம் கும்பிட்டார். தனக்காக ஒன்றை வேண்டிக்கொண்டு பழக்கமில்லாததால் நேரம் பிடித்திருக்கலாம்.

திரும்பி நடந்து, போர்டுக்குக் கீழே காலை நுழைக்கும்போதுதான் கவனித்தார். பக்கத்தில் தஸ்லிமாவும் தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

செங்கமலம் கேட்க வாயெடுத்தார். அதற்குள் வெளியே பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் ஓடினார்கள்.

தேர்வு நாள் வந்தது. விதியைப் பாருங்கள், கையில் கொடுத்த கேள்வி அட்டையில் மறுபடியும் மியூசியம். கதைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மாதம் எல்லோருக்கும் அதுதான் வந்துகொண்டிருந்தது.

எதிரே கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள். மேசையில் ஒரு கடிகாரம். யோசிக்கக் கொடுத்த ஒரு நிமிடத்தில் அந்தக் கண்ணாடிக் கூரை செங்கமலத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகிய கூரை அல்லவா. அதன் கீழே நின்றுவிட்டால் தடுமாறாமல் பேசிவிடலாம். அயர்லாந்து, இந்த ஒரு வாய்ப்பு, அரை மார்க், எல்லாம் சேர்ந்து அவரை அந்தப் பக்கம் தள்ளின.

அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மியூசியம் இருக்கிறது. நான்கு அறை, ஒரு வராந்தா. அதில் ஓர் அறைக்குள் நாங்கள் செருப்போடு போவதில்லை."

வெள்ளைக்கார அம்மாள் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார். இந்த வரியைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினார். அதன்பிறகு குனியவே இல்லை.

போர்டைப் பற்றிச் சொன்னபோது அந்த அம்மாளின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. நேரம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கேள்விக்குப் போக வேண்டியவர் இங்கேயே நின்றார்.

"அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் மட்டும்தான் செருப்பைக் கழற்றுவார்களா?"

"இல்லை. என் டீச்சர் வேறு மதம். அவரும் கழற்றினார்."

"அவர் ஏன் கழற்றினார்?"

அழகாக எதையாவது சொல்லிவிடலாம். நட்பு, ஒற்றுமை என்று இரண்டு பெரிய வார்த்தைகள் கைவசம் இருந்தன. அந்த அம்மாள் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார் செங்கமலம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அவரைக் கேட்டால்தான் தெரியும். கேட்கிறேன்."

வெளியே வந்தார். தேர்வில் தெரியாது என்று சொல்லிவிட்டோமே என்று ஊர் வந்து சேரும்வரை தன்னைத் திட்டிக்கொண்டார். ஆனாலும் எங்கோ ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஊர், எங்கள் அறை, எங்கள் செருப்பு என்று ஒரு வெள்ளைக்கார அம்மாளை நிமிர்ந்து கேட்க வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த மிதப்பை அவரால் அடக்க முடியவில்லை. நர்ஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனபோது நடையே வேறு மாதிரி இருந்தது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

முடிவு வந்தது. ஏழரை.

அல்வாப் பொட்டலத்தோடு மாடிக்கு ஏறினார். வகுப்பே அவரைச் சூழ்ந்துகொண்டது. ஐந்தாறு பேர் செல்போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

"அக்கா, என்ன சொன்னீங்களோ அத அப்படியே சொல்லுங்க. ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்."

"எதுக்கு?"

"மனப்பாடம் பண்ணத்தான்."

செங்கமலம் தஸ்லிமாவைத் திரும்பிப் பார்த்தார். தஸ்லிமா அல்வாவைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று செங்கமலம் அவர்களைக் கேட்டார்.

"இல்லக்கா."

"கும்பகோணத்துல ஏறினா ஒரு மணி நேரம். போயிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எல்லோரும் அல்வாவுக்குத் திரும்பினார்கள். செங்கமலம் குருவின் மேசைக்கு அருகே வந்து நின்றார்.

"மிஸ், ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன கேள்வி?"

"அன்னிக்கு நீங்களும் செருப்பக் கழட்டினீங்க. உங்களுக்கு அது சிலைதானே? யாருக்காகக் கழட்டினீங்க?"

தஸ்லிமா விரலில் ஒட்டியிருந்த நெய்யைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள நீங்க கும்பிட்டுக்கிட்டு நின்னீங்களேக்கா."