குற்றம் சொல்லாமல் அடைத்த குகை

கருங்காட்டில் சடையன் என்ற அலங்கு, அதாவது உடம்பெல்லாம் செதிலுள்ள எறும்புத்தின்னி, மனைவி பூவாத்தாளோடும் குட்டியோடும் வாழ்ந்து வந்தது. கறையானைத் தின்னும், தன் வேலையைப் பார்க்கும். யார் வம்புக்கும் போகாது.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. ஒரு கரையில் மட்டும் தெளிந்த தண்ணீர் மிஞ்சியிருந்தது. காவல் தலைவனான கழுதைப்புலி அதைத் தன் கூட்டத்துக்கென்று வளைத்துக்கொண்டது. மற்ற விலங்குகள் சேற்றுத் தண்ணீரைக் குடித்தன.

“குளம் எல்லோருக்கும் பொது! இது என்ன நியாயம்?” என்று சடையன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டது.

கழுதைப்புலி அன்று மாலையே சடையனைப் பிடித்துக் குகைக்குள் தள்ளி, வாயிலைப் பாறையால் அடைத்தது.

பூவாத்தாள் குட்டியை வாலில் சுமந்துகொண்டு ஓடி வந்தது.

“ஐயா, என் வீட்டுக்காரர் என்ன குற்றம் செய்தார்?”

“விசாரணை நடக்கிறது!”

“எதை விசாரிக்கிறீர்கள்?”

“என்ன குற்றம் என்பதைத்தான்! போ, போ!”

தினமும் வந்தது. தினமும் அதே பதில். பாறை இடுக்கு வழியாகச் சடையனின் குரல் மட்டும் கேட்கும். அதுவும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது.

ஒருநாள் குகைக்கு மேலே மரத்தில் இருந்த செம்போத்துப் பறவைக்குப் பொறுக்கவில்லை.

“அடி பூவாத்தா! நம் காட்டுச் சட்டம் உனக்குத் தெரியாதா? ஒருவரை அடைத்தால், அடுத்த பௌர்ணமிக்குள் அவர் குற்றம் இன்னதென்று சபையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கேட்டதும் ஜாமீனில் விட வேண்டும். பௌர்ணமி நேற்றே போய்விட்டது!”

“இதை ஏன் யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை?”

“சொன்னால் நீ கேட்டுவிடுவாயே!”

பூவாத்தாள் நேராகச் சபைக்குப் போய், நீதிபதி யானையிடம் ஜாமீன் கேட்டது. யானை சோம்பலாகக் காதை அசைத்தது.

“என்ன அவசரம்? தப்பு செய்யாதவன் என்றால் எப்படியும் வெளியே வந்துவிடுவான்.”

“எப்போது ஐயா? செத்த பிறகா?”

அதற்குள் செய்தி கேட்ட கழுதைப்புலி மூச்சிரைக்க ஓடி வந்தது.

“ஐயா! குற்றம் கிடைத்துவிட்டது! குளத்தைக் குடித்து வற்றவைத்தது அந்தச் சடையன்தான்!”

“குற்றச்சாட்டு வந்துவிட்டதே. இனி எப்படி விடுவது?” என்றது யானை.

பூவாத்தாள் பின்வாங்கவில்லை.

“நான் கேட்டபோது வந்திருந்ததா ஐயா? பௌர்ணமி வரை இல்லாத குற்றம், நான் வாய் திறந்ததும் எங்கிருந்து முளைத்தது? வழக்கை நடத்துங்கள், நாங்கள் ஓடமாட்டோம். ஆனால் இப்போதே அவரை விடுங்கள்! சட்டம் கழுதைப்புலிக்கு ஒன்று, அலங்குக்கு ஒன்றா?”

சபையே எழுந்து நின்றது. யானை தலைகுனிந்தது.

“நான் ஜாமீன் நிற்கிறேன்!” என்று கத்தியது கூடவே பறந்து வந்திருந்த செம்போத்து.

யானையே போய்ப் பாறையை உருட்டியது. எலும்பும் செதிலுமாகச் சடையன் வெளியே வந்தது. “கண்ணே!” என்று குட்டியை அழைத்தது. அப்பாவை அடையாளம் தெரியாமல் குட்டி பயந்து, உருண்டையாகச் சுருண்டுகொண்டது.

பூவாத்தாள் யானையைத் திரும்பிப் பார்த்தது. “இதற்கு யார் ஐயா ஜாமீன் தருவது?”



வழக்கு நடந்தது. கூப்பிட்டபோதெல்லாம் சடையன் வந்து நின்றது. கழுதைப்புலியால் ஒரு சாட்சியைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. சடையன் விடுதலையானது, கழுதைப்புலி பதவியை இழந்தது. தெளிந்த தண்ணீர் எல்லோருக்கும் கிடைத்தது.

குற்றம் இன்னதென்று உரிய காலத்தில் சொல்ல முடியாதவருக்கு, இன்னொருவரை அடைத்து வைக்கும் உரிமை ஒரு நாளும் கிடையாது.