தீர்மானம் போட்டுக் காப்பாற்றிய உரையாடல்

ஆலங்கரிசலில் செல்போன் கடை வைத்திருப்பவர் ஒருவர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது சொன்ன கதை இது. நான் நேரில் பார்த்ததில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் சில வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஊர் கபடிக் குழுவில் மொத்தம் நாலு பேர். பூலுடையார் தலைவர், கொம்பையா துணைத்தலைவர், சொரிமுத்து செயலாளர், உலகநாதன் பொருளாளர். ஆடத்தான் ஆள் இல்லை.

கொம்பையாவுக்கு ஒரு கஷ்டம் வந்தது. மச்சினன் மகளின் காதுகுத்துப் போட்டோ முந்நூறையும் போனிலிருந்து தவறுதலாக அழித்துவிட்டான். அவன் மனைவி பகவதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "இன்னொரு தடவ 'தெரியாம அழிஞ்சிபோச்சு'ன்னு சொன்னீய, அதோட நம்ம பேச்சே முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கொம்பையாவுக்கு மன்னிப்புக் கேட்க வராது. இருபது நாளாக போனில் ஏஐயிடம் கேட்டுக் கேட்டு, என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது, எப்போது தலையைக் குனிவது என்று ஒரு மன்னிப்பைத் தயார் செய்திருந்தான். வெள்ளிக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும். இந்த உரையாடலும் தவறுதலாக அழிந்துவிட்டால்? நினைக்கும்போதே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு பேரும் செல்போன் கடைக்குப் போனார்கள்.

"கண்ட விரலும் படாம பாத்துக்கிடுங்க. ரெண்டு இடத்துல வச்சிக்கிடுங்க. அழிக்கவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார் கடைக்காரர்.

அன்று முதல் போனை மூக்கால்தான் தொட்டார்கள். மூக்கும் ஒரு விரல்தானோ என்று சொரிமுத்துவுக்குச் சந்தேகம். "மூக்குல நகம் இருக்கா வே?" என்று பூலுடையார் கேட்டார். தடவிப் பார்த்தார்கள். இல்லை. கொம்பையா மூக்கை வைத்ததும் மாமனாருக்குப் போன் போய்விட்டது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "எவம்லே அது?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ரெண்டு இடம் என்பதையும் விடவில்லை. காலையில் பூலுடையார் வீட்டு அரிசிப் பானையில் வைத்தார்கள். மாலையில் சொரிமுத்து வீட்டு பீரோவுக்கு மாற்றினார்கள்.

உலகநாதன் போன் போகுமிடமெல்லாம் பாயோடு போய், பக்கத்தில் உட்கார்ந்து, "வேண்டாம்... வேண்டாம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது இன்னும் கேக்கவே இல்லையே, அண்ணாச்சி?" என்றான் கொம்பையா.

"கேட்ட பொறவு சொன்னா பிந்திரும்லா?"

வியாழக்கிழமை காலை அவசரக் கூட்டம்.

"இன்னைக்கு வரைக்கும் அழியல. நாளைக்கு?" என்றார் பூலுடையார்.

"இருக்குத வரைக்கும் தவறுதலா அழிய வாய்ப்பு இருக்கு" என்றார் சொரிமுத்து.

"அப்போ இல்லாம ஆக்கிட்டா?" என்றார் பூலுடையார்.

கொம்பையாதான் மெதுவாகக் கேட்டான். "நாமளே அழிச்சா?"

"கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு அழிச்சா அது எப்படி வே தவறுதலாகும்?" என்றார் பூலுடையார். "பகவதியும் ஒரு வார்த்த சொல்ல முடியாது."

தலைவர் முன்மொழிந்தார். கொம்பையா வழிமொழிந்தான். சொரிமுத்து தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். அழிக்கவா என்று போன் கேட்டபோது உலகநாதன் பழக்கத்தில் "வேண்டாம்" என்றார். இந்த ஒருமுறை மட்டும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் தலைவர் தம் மூக்கால் அழுத்தினார்.

அன்று கொம்பையா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை பகவதி முன்னால் நின்றபோது, தலையைக் குனிவது ஒன்றுதான் அவனுக்கு நினைவிருந்தது. குனிந்தபடியே நடந்ததைச் சொன்னான். "ஆனா தெரியாம அழிக்கல, பகவதி. தெரிஞ்சேதான் அழிச்சோம்."

பகவதி கேட்டாள்: "வழிமொழிஞ்சது யாரு?"

"நாந்தான்."

அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஒங்கள அந்த மூணு பேருகிட்ட விட்டுட்டு நான் இங்க நிம்மதியா உக்கார முடியாது. நடங்க."

இதையெல்லாம் நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம். போன மாதம் ஆலங்கரிசலுக்கே போய்த் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது தீர்மானம்: உரையாடல் பத்திரமாக அழிக்கப்பட்டது. நாலு கையெழுத்தும் இருக்கின்றன. அதற்குக் கீழே எட்டாவது தீர்மானம்: இந்தப் புத்தகத்தைக் கரையான் அரித்துவிடும் அபாயம் இருப்பதால், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இது முறைப்படி எரிக்கப்படும்.

வழிமொழிந்தவர்: கொம்பையா.