மண் வாரி இறைத்த மகாயுத்தம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டை அதிவீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; பாதி நேரம் தூங்கினான், மீதி நேரம் தன் வீரத்தைப் புலவர்கள் பாடக் கேட்டான். போர்க்களம் எந்தத் திசையில் இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒருநாள் கொட்டாவிக்கு நடுவே, "என் நாட்டு மண்ணில் ஒரு பிடியும் எல்லை தாண்டக் கூடாது" என்று சொல்லிவைத்தான். அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அதிகாரியான ஓலைநாயகம் பெருந்தேவர் அதைச் சட்டமாகவே எழுதி, பதினெட்டு முத்திரை விழுந்தால்தான் மண் நகரலாம் என்று ஒரு வாலும் சேர்த்துவிட்டார். மந்திரி தில்லைநம்பியின் பேச்சை ராஜா கேட்பதில் அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். முத்திரை பெருகினால் தன் மதிப்பும் பெருகும் என்று நினைத்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, எல்லையூர்க்காரி காத்தாயி சேற்றுக் காலோடு சபைக்குள் வந்து நின்றாள்.

"சாமி, பெரிய ஏரிக்கரை உடைஞ்சுபோச்சு. உடைப்புக்கு நடுவுலதான் எல்லைக்கல்லு நிக்குது. இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் வேம்பிநாட்டுக்காரங்க, சேர்ந்து மண்ணு போட்டாத்தான் அடையும். பொழுது சாயறதுக்குள்ள அடைக்கலேன்னா ரெண்டு நாட்டு நெல்லும் போயிடும். ஆனா காவக்காரரு கூடையைப் புடுங்கிட்டாரு. என் மகளை அந்தப் பக்கந்தான் கட்டிக் குடுத்திருக்கேன். அவ வீடு கரைக்குக் கீழேயே இருக்கு. பொண்ணைக் குடுக்கறப்ப யாரும் முத்திரை கேக்கல, மண்ணைக் குடுக்கத்தான் கேக்கறாங்க."

பெருந்தேவர் செருமினார். "தாராளமாகக் கொடுக்கலாம். முதலில் வேம்பிநாட்டார் சம்மத ஓலை அனுப்பட்டும். நம் சம்மதம் வந்தபிறகுதான் அனுப்புவோம் என்பது அவர்கள் சட்டம். இரண்டு மாதத்தில் ஒரு வழி பிறக்கும்."

"ரெண்டு மாசம் கழிச்சு அந்த வயல்ல மீன்தான் புடிக்கலாம்," என்றாள் காத்தாயி.

ராஜா நெளிந்தான். "சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கினால் புலவர்கள் என்னத்தைப் பாடுவார்கள்?"

தில்லைநம்பி எழுந்தார். "ஓலைநாயகமே, உமக்குத் தெரியாத விதி கிடையாது. போர் தொடுக்க எத்தனை முத்திரை வேண்டும்?"

பெருந்தேவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஒன்றும் வேண்டாம். மன்னர் முரசு கொட்டச் சொன்னால் போதும்."

"போரில் எறியும் ஆயுதம் எல்லையைத் தாண்டலாமா?"

"தாண்டாவிட்டால் அது என்ன போர்?"

"எது ஆயுதம் என்று யார் சொல்வது?"

"மன்னர்தான்."

"அப்படியானால் மன்னா, வேம்பிநாட்டின்மேல் போர் தொடுப்போம். களம் அந்த உடைப்பு. ஆயுதம் மண்."

போர் என்றதும் ராஜாவுக்கு வெலவெலத்தது. ஆயுதம் மண் என்றதும் வீரம் வந்துவிட்டது. "கொட்டுங்கள் முரசை. விதியெல்லாம் தெரிந்த ஓலைநாயகம் முன்னணியில் நிற்கட்டும்." பெருந்தேவர் வாயைத் திறப்பதற்குள் அவர் பட்டுத் தலைப்பாகைமேல் ஒரு கூடை ஏறிவிட்டது.

காத்தாயி ஓடிப்போய் அக்கரையில் நின்ற சம்பந்தியம்மாளைக் கூவி விஷயத்தைச் சொன்னாள். அங்கேயும் போருக்கு முத்திரை கிடையாதாம். சற்று நேரத்தில் எதிர்முரசு கேட்டது. இரண்டு படையும் மண்வெட்டியோடு இறங்கின.

"கல்யாணத்துல பாயசம் தண்ணியா இருந்துச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அதுக்கு இது," என்று காத்தாயி ஒரு கூடையைக் கொட்டினாள்.

"இப்பவும் சொல்லுவேன், இந்தாங்க ரெண்டு கூடை," என்றாள் சம்பந்தியம்மாள்.

பொழுது சாய்வதற்கு முன்பே உடைப்பு அடைந்துவிட்டது. ராஜா கவசம் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, எதிரிப்படை நம் படையோடு கரைமேல் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தது. காத்தாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராஜாவுக்கும் ஒரு சட்டி கூழ் கொடுத்தார்கள். அவன் சந்தோஷத்தில் தன் முத்துமாலையைக் கழற்றி தில்லைநம்பிக்குப் போட்டான்.

பெருந்தேவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மீசையெல்லாம் மண். அப்போதும் விடவில்லை. "மன்னா, போர் முடிந்ததென்றால் சமாதான ஓலை எழுத வேண்டும். அதற்குப் பதினெட்டு முத்திரை."

ராஜா கூழை ஒரு மடக்குக் குடித்து யோசித்தான். பிறந்ததிலிருந்து அவன் யோசித்தது அதுதான் முதல் தடவை.

"அவ்வளவு சிரமம் எதற்கு? சமாதானம் வேண்டாம், போரே நடக்கட்டும். இனி நீர்தான் சேனாதிபதி. கூடையைக் கீழே வைக்காதீர்."

அந்தப் போர் இன்றுவரை முடியவில்லை. வருஷம் தவறாமல் மழைக்கு முன்னால் இரண்டு படையும் கரைக்குப் போய், ஒன்றையொன்று வைதுகொண்டே மண் போடுகின்றன. ஏரி நிறைகிறது, நெல் விளைகிறது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். இவ்வளவு ஒற்றுமையான பகையாளிகளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.