ஒன்பதாவது மண்டலம்

அந்த மலையுச்சி ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் மாணவர் தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு முனைவர் பட்டத்துக்கு தேவசகாயம் மலையேறியபோது, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பாவம், அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்தது.

எட்டு விண்மீன் மண்டலங்களின் நடுமையத்தை அவர் கவனித்துவந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருந்துளை. அதில் விழப்போகும் பொருள் சூடேறி, மொத்த மண்டலத்தையும் மிஞ்சி ஒளிரும்.

அந்த ஒளியை அளக்க ஓர் எடைக்கல் வேண்டும். பிரகாசம் மாறாத ஒன்பதாவது மண்டலம் ஒன்றை முதலில் பார்த்துவிட்டு, மற்ற எட்டையும் அதோடு ஒப்பிடுவார்கள். அந்த ஒன்பதாவதைத் தேர்ந்தெடுத்தவர் மெஹருன்னிசா.

ஒரு சனிக்கிழமை காலை தேவசகாயம் மூச்சிரைக்க வந்தார்.

“மேடம், எட்டும் ஒரே நாள்ல மங்கிடுச்சு! அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு!”

“கருவியப் பாத்தீங்களா சார்?”

“மூணு நாளா ஒவ்வொரு கேபிளா பாத்துட்டேன். பழுதே இல்ல. என் கடைசி அத்தியாயம் இதுதான் மேடம்.”

“ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்?”

“கோடிக்கணக்கான ஒளியாண்டு.”

“அப்ப எப்படிப் பேசி வெச்சுக்கிட்டு மங்குச்சுங்க?”

மெஹருன்னிசா தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிக் கொடுத்தார்.

“எட்டுல ஒண்ண எடைக்கல்லா வைங்க. மத்த ஏழையும் அதால அளங்க. ஒன்பதாவதையும்.”

தேவசகாயம் மதியச் சாப்பாட்டையும் மறந்து கணக்குப் போட்டார். ஏழும் பழைய பிரகாசத்திலேயே இருந்தன. ஒன்பதாவது மட்டும் கால் பங்கு கூடியிருந்தது.

வேலியே பயிரை மேய்ந்திருந்தது. எடைக்கல் கனத்துப்போனதால்தான் எட்டும் மங்கியதுபோலத் தெரிந்தன.

“அஞ்சு வருஷமா எல்லாத்தையும் இதை வெச்சுத்தானே மேடம் அளந்தேன்? இது முன்னாடியும் மாறியிருந்தா? மொத்தத்தையும் திரும்பப் பாக்கணுமே.”

“ஆமா சார்.” அவர் குரலில் வருத்தம் இருந்தது. “இதை மட்டும் ஏன் சோதிக்காம விட்டீங்க?”

“நீங்க தேர்ந்தெடுத்தது மேடம்.”

மெஹருன்னிசா ஆறிப்போன டீயை நகர்த்திவிட்டு, அவருக்கு வேறொரு டீ ஊற்றினார். தேவசகாயம் ஒரு வாய் குடித்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேட்கவே பயமாக இருந்தது.

“மேடம், நீங்க பட்டம் வாங்கின ஆராய்ச்சி? அதுவும் இதை வெச்சுத்தானா?”

மெஹருன்னிசா எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன் ஆய்வேட்டை எடுத்தார். புறங்கையால் தூசியைத் தட்டி, அவர் முன்னால் வைத்தார்.

“முதல்ல இதுலேர்ந்து ஆரம்பிங்க சார். தாட்சண்யம் பாக்காதீங்க.”