கைகோத்து நின்ற சுவர்

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, நம் உடம்புக்குள் குடியிருந்தவர்களும் வாய்விட்டுப் பேசினார்கள். செவந்தி என்பவளின் குடலுக்குள் கல்லும் மண்ணும் வைத்த சுவர் கிடையாது. பெண்கள்தான் ஒருத்தி கையை ஒருத்தி இறுகப் பிடித்துச் சுவராக நின்றார்கள். சோற்றின் சத்தை உள்ளே அனுப்புவார்கள். கிருமிகளை அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வயதாகி உதிரப்போகிறவள், தன் இரண்டு பக்கத்தாரின் கைகளையும் சேர்த்துவைத்துவிட்டுத்தான் விழுவாள்.

சுவருக்குப் பின்னால் காவல் இருந்தவன் மாயாண்டி. கையில் எப்போதும் தீப்பந்தம். சுவரில் நின்ற சடச்சி அவனுடைய தங்கை.

"அண்ணே, பந்தத்தைத் தள்ளிப் பிடி. முதுகு வேகுது."

"உன் முதுகுக்குத்தான் காவல் நிக்கிறேன், வாயாடி."

ஒரு நாள் கெட்டுப்போன மீன் குழம்போடு பொல்லாத கிருமி ஒன்று வந்து, சுவரைக் கடித்து உள்ளே நுழைந்தது. மாயாண்டி அதை எரித்துவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். பயம் பிடித்துக்கொண்டது. இன்னொன்று ஒளிந்திருந்தால் என்ன செய்வது? சுவரோரம் முழுக்கத் தீ வைத்தான்.

சூட்டில் பெண்களின் கைகள் வியர்த்து வழுக்கின. இடுக்கு விழுந்தது. அந்தப் பக்கம் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்ந்த கிருமிகளும் சோற்றுத் துணுக்குகளும் உள்ளே சிந்தின.

"பாத்தியா, படையே வருது!" என்று மாயாண்டி மேலும் கொளுத்தினான்.

"படை இல்லண்ணே, சோறு! உன் தீயிலதான் எங்க கை நழுவுது. அணைச்சிடு, நாங்க பிடிச்சுக்கிறோம்."

"அணைச்சா வந்துருவாங்க."

"அணைக்காததாலதான் வர்றாங்க!"

"நீங்க முதல்ல ஒழுங்கா நில்லுங்க. அப்புறம் அணைக்கிறேன்."

கை வேகிறவள் எப்படி ஒழுங்காக நிற்பாள்? காலம் வராமலே பெண்கள் உதிர்ந்தார்கள். பக்கத்தார் கைகளைச் சேர்த்துவைக்க அவர்களுக்கு நேரமில்லை.

வெளியே செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். "கஞ்சியாவது குடி, புள்ள," என்று புருஷன் கெஞ்சினான். குடித்தாள். அந்தக் கஞ்சியும் இடுக்கு வழியே ஒழுகியது. அதையும் மாயாண்டி எரித்தான்.

கடைசியில் சடச்சிக்கும் பிடி விட்டது. விழுமுன் பக்கத்தார் கைகளைச் சேர்த்துவைக்க இரண்டு பக்கமும் துழாவினாள். இரண்டு பக்கமும் ஆளில்லை.

திரும்பிப் பார்த்த மாயாண்டி அலறினான். "தங்கச்சி! உன்னைக் கொன்னது எவன்?"

அவள் நின்ற இடத்திலேயே இன்னொரு தீயை வைத்தான்.

அன்று முதல்தான், வந்த கிருமி செத்துப்போன பிறகும் சிலருடைய வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது. குடிக்கிற கஞ்சிகூட அவர்களுக்கு ஆவதில்லை.